இரண்டு பேர் வீட்டுக் கிறிஸ்துமஸ்: எங்கே சறுக்குகிறது

பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிட்ட முதல் டிசம்பரில் நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடி என்று எந்த ஊரில் பார்த்தாலும் நடப்பது ஒன்றுதான். எட்டுப் பேருக்குச் செய்த அதே பாத்திரங்கள் இறங்கும். அதே நீளத்துக்கு சீரியல் லைட் ஓடும். மூன்றாம் நாள் பலகாரம் சிக்குப்பிடிக்கும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். சுதாரித்துக்கொண்டவர்கள் அடுத்த வருடம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்குவார்கள். அது இதைவிட மோசம்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கே இருப்பவை, விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்.

ஸ்டார் கட்ட வருடா வருடம் ஏணி ஏறுவது

தென் மாவட்டங்களில் டிசம்பர் முதல் தேதியே வாசலில் ஸ்டார் ஏறிவிடும். கட்டும்போது ஒரு தடவை, மழை வந்தால் இறக்க ஒரு தடவை, பல்பு போனால் இன்னொரு தடவை என்று ஏணி எடுப்பது அறுபத்தைந்து வயதுக்கு ஆகாது. ஸ்டூல்மேல் ஸ்டூல் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரே ஒரு தடவை ஆள் கூப்பிட்டு, போர்ட்டிகோ கூரைக் கொக்கியில் சிறிய கப்பி ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். கயிற்றின் ஒரு முனையில் ஸ்டார், மறுமுனை ஜன்னல் கம்பியில். தரையில் நின்றபடியே ஏற்றலாம், இறக்கலாம். கயிறு நைலானாக இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிறு மழையில் ஊறிப் பருத்து, கப்பிக்குள் சிக்கிக்கொள்ளும். ஸ்டாரின் எடையைக் கயிறுதான் தாங்க வேண்டும், ஒயர் அல்ல. ஒயர் ஒரு சாண் தொய்வாகக் கூடவே போகட்டும்.

உள்ளே போடும் பல்பு 9 வாட் எல்.இ.டி. போதும். 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் காகித ஸ்டார் பழுப்பேறும், சாய்ந்து பல்பைத் தொட்டுவிட்டால் கருகும்.

வெளியில் ஒயரை ஒட்டுப்போடுவது

நம் பக்கத்து டிசம்பர் வடகிழக்குப் பருவமழை மாதம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரணத் தூறலுக்கே டேப் சுற்றிய ஒட்டுக்குள் தண்ணீர் இறங்கும். பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒட்டில்லாத ஒரே ஒயராக வாங்குங்கள். ஹோல்டருக்குச் சற்று முன்னால் ஒயர் ஒரு வளைவாகத் தாழ்ந்து தொங்கினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லையென்றால் ஸ்டார் ஏற்றும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய குண்டு பல்பு சீரியல் செட்டில் எரியாத பல்புகளை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கிச் சேர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாற்பது பல்பு செட் என்றால் 230 வோல்ட்டை நாற்பதும் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் போகும். ஐந்தை வெட்டினால் மிச்சமுள்ள ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6.6 வோல்ட் தாங்க வேண்டும். சூடு கூடும், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். செட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கேக்கைப் பாதியாக்கிவிட்டு, டின்னையும் நேரத்தையும் அப்படியே விடுவது

பணம் உண்மையில் கரைகிற இடம் இது. உலர்திராட்சை, முந்திரி, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் என்று வாங்கி, மூன்று வாரம் ரம்மில் ஊறவைத்து, கடைசியில் விளிம்பு கருகி நடு வறண்ட ஒரு தட்டையை வெட்டி வைப்பார்கள். "ஓவன் சரியில்லை" என்பார்கள். ஓவன் சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டில் வழக்கமாகப் போடும் பெரிய அளவு இப்படித்தான் இருக்கும்: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 250 கிராம், முட்டை ஐந்து, ஊறிய பழம் அரைக் கிலோ, கேரமலுக்குத் தனியாக 150 கிராம் சர்க்கரை. இது 8 அங்குல வட்ட டின்னுக்கு. மாவு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். 150 டிகிரியில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் எடுக்கும்.

இதைப் பாதியாக்கி அதே 8 அங்குல டின்னில் ஊற்றினால் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெந்துவிடும். பழைய ஞாபகத்தில் இரண்டு மணி நேரம் விட்டால் மேலே தெரியும் திராட்சை ஒவ்வொன்றும் கரியாகிக் கசக்கும். சரியான டின் 6 அங்குலம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போவதால் 8-க்கு 64, 6-க்கு 36. பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். மாவு 4 சென்டிமீட்டரைத் தாண்டி நிற்கும். 7 அங்குல டின் கைவசம் இருக்கிறதே என்று அதில் ஊற்றாதீர்கள். அதன் கணக்கு 49, பெரிய டின்னின் முக்கால் பங்கு.

அடுத்த சறுக்கல் இதற்கு நேர் எதிரானது. டின்னைச் சரியாக மாற்றிவிட்டு, எடை பாதி என்பதால் நேரமும் பாதி என்று ஒரு மணி நேரத்தில் வெளியே எடுப்பது. நடு பிசுபிசுவென்று இருக்கும். வேகும் நேரத்தைத் தீர்மானிப்பதில் எடையைவிட உயரத்துக்குப் பங்கு அதிகம். உயரம் அதிகம் குறையாததால் நேரமும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். அதே 150 டிகிரி, ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம். 70-ஆவது நிமிடத்தில் முதல் குச்சியைக் குத்திப் பாருங்கள், அதற்கு முன்னால், சின்ன ஓவனில் அலுமினியத் தாள் கவிழ்க்க ஒரு தடவை தவிர, கதவைத் திறக்க வேண்டாம். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் வேகாத கேக் உள்ளே பொரிகிற மாதிரி சத்தம் போடும். சத்தம் அடங்கி, குச்சியும் ஈரமில்லாமல் வந்தால் எடுக்கலாம்.

பாதி அளவில் கணக்கு இடறும் இன்னும் சில இடங்கள்:

ஐந்து முட்டையில் பாதி இரண்டரை. மூன்றையும் உடைத்து அடித்து, அதில் 125 கிராம் நிறுத்து எடுங்கள். மிச்சம் காலை ஆம்லெட்டுக்கு. "மூன்றாகவே இருக்கட்டும்" என்றால் கலவை திரியும், கேக்கும் ரப்பராக இழுக்கும்.

கேரமல். 75 கிராம் சர்க்கரையை அகலமான வாணலியில் போட்டால் மெல்லிய படலமாகப் பரவி, பொன்னிறத்திலிருந்து கருக்கலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சின்ன, அடி கனமான பாத்திரம் எடுங்கள். நிறம் காபி டிகாக்ஷனுக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நான்கு மேசைக்கரண்டி வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள், தெறிக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டியாக இறுகும். புகை வாசனை வந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையைப் பார்த்துக் கால் கிலோ முந்திரி திராட்சையை நாசமாக்குவது எந்த ஊர் சிக்கனம் என்று தெரியவில்லை.

பழம் ஊறவைப்பது. 250 கிராம் பழத்துக்கு 70 மில்லி ரம் அல்லது பிராந்தி போதும், மாதக்கணக்கில் கெடாது. மது வேண்டாம் என்கிற வீடுகளில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து அதையும் மூன்று வாரம் மேசைமேல் வைத்துவிடுவார்கள். அது புளித்து நுரைத்து மூடியைத் தள்ளும். சாறு என்றால் பழத்தோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் அன்றோ மறுநாளோ கேக்கில் போட்டுவிட வேண்டும். அந்தக் கேக்கைப் பிரிட்ஜில்தான் வைக்க முடியும், டிசம்பர் ஈரத்தில் வெளியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) சின்னதாக இருந்தால் மேல் கம்பி கேக்கின் தலைமேலேயே இருக்கும். டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஒரு அலுமினியத் தாளைக் கவிழ்த்து, மேல் கம்பியை அணைத்துவிடுங்கள். தாள் கம்பியைத் தொடக் கூடாது. டின்னுக்குள் பட்டர் பேப்பர் இரண்டு அடுக்கு. பெரிய பேக்கரி அடுப்பில் செய்வதுபோல டின்னுக்கு வெளியே செய்தித்தாள் சுற்றுவதை ஓ.டி.ஜி.யில் செய்யவே வேண்டாம், கம்பி பக்கத்திலேயே இருக்கிறது.

டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல்தான் அலுமினியத் தாள். பழத்தின் புளிப்பு நேரடியாகத் தாளில் பட்டால் பொடிப்பொடியாக அரிக்கும். ரம் கேக்கை 15-ஆம் தேதிக்குள் போட்டு வைத்தால் 25-ஆம் தேதி உதிராமல் வெட்ட வரும். 24-ஆம் தேதி இரவு போட்டது மறுநாள் காலை தூளாகும்.

சர்க்கரை நோய்க்காகச் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போடுகிறார்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் கெடாமல் காப்பதும் சர்க்கரைதான். அது இல்லாவிட்டால் கேக் வறளும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். திராட்சையிலும் பேரீச்சையிலும் இருக்கிற சர்க்கரை எங்கேயும் போய்விடவில்லை என்பது வேறு. ஒழுங்கான கேக் போட்டு, விரல் தடிமனில் ஒரு துண்டு சாப்பிடுவது மேல்.

அச்சு முறுக்குக்கு எண்ணெயைக் குறைப்பது

கால் கிலோ மாவுதானே என்று அகன்ற வாணலியில் எண்ணெயைக் குறைத்து ஊற்றினால் அச்சு அடியில் முட்டும், முறுக்கு கழலாது. குறைக்க வேண்டியது பாத்திரத்தின் அகலத்தை. குறுகலான, ஆழமான சட்டியில் அச்சு முழுக மூழ்கும் அளவுக்கு எண்ணெய் இருக்க வேண்டும். அச்சை முதல்நாள் இரவே எண்ணெயில் போட்டு வையுங்கள். மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால் அச்சைச் சுற்றிப் பூட்டியது மாதிரி ஆகிவிடும், பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். முதல் இரண்டு ஒட்டத்தான் செய்யும், மாவைக் குறை சொல்லாதீர்கள். ஒருவர் முக்கிப் போட, மற்றவர் திருப்பி எடுக்க என்று இரண்டு பேருக்குச் சரியாக அமைந்த வேலை இது.

முந்திரிக்கொத்து

இரண்டு பேருக்காகச் செய்யாதீர்கள். வாங்குங்கள்.

குடிலை வரவேற்பறை முழுக்கப் பரப்புவது

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. மலை, அருவி, பாலம், ரயில் எல்லாம் பிற்பாடு நாம் சேர்த்தவை. உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் இரண்டடி மேசை போதும். தரையில் போட்டால் குனிந்து எழுவதற்கே ஆள் வேண்டும், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒட்டகத்திலும் இடறும்.

புல்வெளிக்கு முளைவிடும் தானியத்தில்தான் தேதி தவறுகிறது. நவம்பர் கடைசியில் விதைத்துவிட்டு, 24-ஆம் தேதி மஞ்சளாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து வருத்தப்படுவார்கள். கேழ்வரகு என்றால் 14 அல்லது 15-ஆம் தேதி. ஒரு இரவு ஊறவைத்து, அடியில் துளையுள்ள தட்டில் இரண்டு சென்டிமீட்டர் மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிறகு வெளிச்சம். துளையில்லாத தட்டில் தண்ணீர் தேங்கி நாற்றமடிக்கும். கோதுமை வேகமாக உயரும், பத்து சென்டிமீட்டர் சூசையப்பர் சொரூபம் அதற்குள் காணாமல் போகும்.

சீரியல் ஒயரை வைக்கோலுக்கு அடியில் ஒளிக்காதீர்கள். பின்பக்க அட்டையில் துளையிட்டு வெளியே எடுங்கள். குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி இரவுதான் வைக்கிற வீடுகளில் அந்தச் சொரூபத்தை எங்கே எடுத்து வைத்தோம் என்று தேடுவதும் வருடாந்திரப் பழக்கம். ஸ்டார் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

சவுக்குக் கிளையை மரமாக நிறுத்துவது

மூன்று நாளில் காய்ந்து சருகாகும், பொறி பட்டால் பற்றும். ஈர மணல் வாளியில், 23-ஆம் தேதிக்கு முன்னால் வேண்டாம்.

கேரல் ரவுண்ட்ஸுக்கு நாற்பது காபி

வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் சபைப் பிள்ளைகள் இரவு பதினொன்றரைக்கு வருவார்கள், அதற்கு முன் ஏழெட்டு வீட்டில் குடித்திருப்பார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று சபையில் கேட்டு வைத்துக்கொண்டு, கடலை மிட்டாய்ப் பொட்டலமும் காணிக்கைக் கவரும் தயாராக வைத்தால் போதும். கூட்டம் நிற்க முற்றத்து லைட்டைப் போடுங்கள், நாற்காலிகளை இழுத்துப் போட வேண்டாம்.

மதியம் பிரியாணி

அரைக் கிலோ கறி. 23-ஆம் தேதியே கடையில் சொல்லி வையுங்கள்.

வீடியோ காலைச் சாப்பாட்டு நேரத்தில் வைப்பது

பிள்ளைகள் நியூயார்க் பக்கம் இருந்தால் நமக்கு 25-ஆம் தேதி காலை 8 மணி என்பது அவர்களுக்கு 24-ஆம் தேதி இரவு 9.30. பேரப்பிள்ளைகள் விழித்திருப்பார்கள். மதியம் ஒரு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை. துபாய் என்றால் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், எப்போதும் வசதி. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்த கையோடு பேசிவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

புத்தாண்டு அன்றே எல்லாவற்றையும் உருவிக் கட்டுவது

மூன்று ராஜாக்களின் திருக்காட்சித் திருநாள் (ஜனவரி 6 வாக்கில்) வரை குடில் இருக்கட்டும், அவசரமில்லை. எடுக்கும்போது சீரியல் லைட்டைக் கைவிரலில் சுருட்டாமல், ஒரு அட்டைத் துண்டில் பிளக் முனை வெளியே தெரியும்படி சுற்றுங்கள். அடுத்த வருடம் அவிழ்க்கும் முன்பே மாட்டிச் சோதிக்கலாம். ஸ்டாரை மடிக்கும் முன் ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். சொரூபப் பெட்டியில் நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி தெர்மாகோல் மலையையும் சில பிளாஸ்டிக் பொம்மைகளையும் இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலை போதும், பெட்டி பரணில் ஏற வேண்டாம், கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.