டிசம்பர் லீவில் குடும்பத்தோடு செர்ரி பறிக்கப் போவது எப்படி

செர்ரி மரம் காய்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பல நூறு மணி நேரம் நல்ல குளிரில் கிடக்க வேண்டும், நம் சிங்கப்பூரில் அதற்கு வழியே இல்லை. பிள்ளைகள் மரத்திலிருந்து தாங்களே பறித்துச் சாப்பிட வேண்டுமென்று ஆசையிருந்தால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். நமக்குத் தோதான இடம் மெல்பர்ன். அந்த நகரம் இருக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செர்ரி பழுப்பது ஏறக்குறைய நவம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, நம் பள்ளிகளின் வருடக் கடைசி விடுமுறையும் அப்போதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கே போனால் பழம் கொள்ளை மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் உள்ளே போக ஆளுக்கு ஒரு டிக்கெட், அந்த டிக்கெட்டுக்கு மரத்தடியில் நின்று வயிறு கொள்ளும் மட்டும் சாப்பிடலாம், பறித்து எடுத்து வருவதற்குத் தனியாகக் கிலோ கணக்கில் காசு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நம் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் ஆஃபர் போடும் வாரத்து விலையே பரவாயில்லை என்று தோன்றும். நாம் போவது சாப்பிட, அதுவும் பறித்த கையோடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் என்றைக்குப் போவது, எத்தனை கிலோ எடுப்பது என்ற தகராறெல்லாம் வீட்டில் பாதி குறையும்.

எந்த நாள் என்பதில்தான் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆஸ்திரேலியாவில் செர்ரி என்றால் கிறிஸ்துமஸ் பழம், அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி ஞாயிறுகளில் மெல்பர்ன் ஊரே தோட்டத்தில் நிற்கும். ஆனால் அங்கே பள்ளி மூடுவது டிசம்பர் 20 வாக்கில். நம் பிள்ளைகளுக்கோ நவம்பர் கடைசியிலேயே லீவு விட்டாயிற்று. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், நீங்கள் ஒரு வரிசை மரத்தையே சொந்தமாக்கிக்கொள்ளலாம். வீட்டில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளை இருந்தால் நவம்பர் பயணம் வேண்டாம், முடிவு வந்து உயர்நிலைப் பள்ளி விருப்பத்தையும் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் தோட்டத்தில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே போவது? யாரா பள்ளத்தாக்கில் கோல்ட்ஸ்ட்ரீம் என்ற ஊரில் செர்ரிஹில் என்ற பெரிய தோட்டம் இருக்கிறது, மெல்பர்ன் நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். தெற்குப் பக்கம் மார்னிங்டன் தீபகற்பத்தில் ரெட் ஹில் பகுதியிலும் செர்ரித் தோட்டம் உண்டு. பாட்டி தாத்தாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் நான் ரெட் ஹில் பக்கம்தான் சொல்வேன், ஏனென்றால் போகிற வழியில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே தோட்டத்துக்குப் போய்விடலாம், அவர்களுக்கும் மனது நிறையும். சிட்னியில் தங்கியிருப்பவர்கள் யங் என்ற ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆஸ்திரேலியாவின் செர்ரித் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர், டிசம்பர் தொடக்கத்தில் செர்ரித் திருவிழாவும் நடக்கும். நல்ல ஊர்தான், ஆனால் சிட்னியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு இரவு தங்குங்கள்.

டிக்கெட் இணையத்தில்தான், நேரம் குறித்து வாங்க வேண்டியிருக்கும். எந்த வாரம் தோட்டம் திறக்கும் என்பது அந்த வருடத்து வெயில் மழையைப் பொறுத்தது, அதனால் விமான டிக்கெட்டையும் தோட்ட டிக்கெட்டையும் ஒரே ராத்திரியில் போட அவசரப்பட வேண்டாம். தோட்டம் தேதி அறிவித்ததும் வாங்குங்கள், பயணத்தின் நடுவில் ஒரு நாளாகப் பார்த்து வாங்குங்கள். மழையென்று தள்ளிப்போட நேர்ந்தால் பின்னால் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். போய் இறங்கிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாங்காதீர்கள். டிசம்பரில் மெல்பர்ன் நமக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவர்களுக்கு ஒன்பது என்றால் உங்கள் பிள்ளையின் உடம்புக்கு ஆறு மணி. இரண்டு மூன்று நாள் பழகிய பிறகு காலை நேரமே நல்லது, பழம் இரவுக் குளிர்ச்சியோடு கடிக்க மொறுமொறுவென்று இருக்கும், மதிய வெயிலில் சூடேறிய பழத்தில் அந்தச் சுகம் இல்லை.

கார் கட்டாயம் வேண்டும். நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதை வைத்தே ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கட்டணச் சாலைகளில் காசு வாங்க ஆள் நிற்க மாட்டார்கள், நம் ஈஆர்பி மின்னணுச் சாலைக் கட்டணம் மாதிரி தானாகப் பிடிப்பார்கள், கார் எடுக்கும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சீட் விஷயத்தில் மட்டும் கவனம்: விக்டோரியாவில் ஏழு வயதுக்குக் கீழே எல்லாருக்கும் சீட் வேண்டும், அதுவும் ஆஸ்திரேலியத் தரச் சான்று உள்ளதாக இருக்க வேண்டும். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகிற சீட்டில் அந்தச் சான்று பெரும்பாலும் இருக்காது, கார் வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே முன்கூட்டிச் சொல்லி வாங்குங்கள்.

உடை. மெல்பர்ன் டிசம்பரை நம்பவே முடியாது, ஒரு நாள் பதினைந்து டிகிரி, மறுநாள் முப்பத்தைந்து. வெயில் சிங்கப்பூர் போல வியர்க்காது, அதனால்தான் ஆபத்து, சுடுவது தெரியாமலேயே தோல் கருகிவிடும். சன்ஸ்கிரீன் போடுங்கள், நமக்கெல்லாம் எதற்கு என்று சித்தப்பா ஒருவர் நிச்சயம் சொல்வார், அவருக்கும் போடுங்கள். செருப்பு வேண்டாம், மூடின காலணி. தரை புல்லும் மேடுபள்ளமுமாக இருக்கும், எறும்பு கடிக்கும், கோடையில் அந்தப் பக்கம் பாம்பும் உண்டு. ஃபோட்டோவுக்காகத் தீபாவளிச் சட்டையைப் போட்டுவிடாதீர்கள், செர்ரிச் சாறு பட்டால் அந்தச் சட்டை அதோடு சரி, கறுப்போ கருநீலமோ போடுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைக் காரில் விடாமல் கைப்பையிலேயே வையுங்கள். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல்லின் மகரந்தம் காற்றில் பறக்கும் காலம். 2016 நவம்பர் 21 அன்று இடிமழையும் மகரந்தமும் சேர்ந்து மெல்பர்னில் ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத்திணறல் வந்து பத்துப் பேர் இறந்தார்கள். பயப்படச் சொல்லவில்லை, மருந்தை எடுத்துப் போகச் சொல்கிறேன்.

சரி, மரத்தடிக்கு வருவோம். வாசலில் வாளி கொடுப்பார்கள். நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் முதல் மரத்திலேயே வாளியை நிரப்பத் தொடங்குவது. வேண்டாம். எல்லாரும் கை வைத்த மரம் அது. வரிசையின் உள்ளே கொஞ்சம் நடந்து போங்கள், ஒவ்வொரு மரத்திலும் ஒரு பழம் பறித்து வாயில் போடுங்கள், எந்த மரம் பிடித்திருக்கிறதோ அங்கே நில்லுங்கள். லாபின்ஸ், ஸ்வீட்ஹார்ட் என்று பல ரகம் இருக்கும், ஒன்றுக்கொன்று ருசி வேறு, பழுக்கும் வாரமும் வேறு, எந்த வரிசை இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று வேலை செய்பவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

பழம் பறித்த பிறகு பழுக்காது, இது மாம்பழம் இல்லை, அரிசிப் பானையில் வைத்து எடுக்க. பளிச்சென்ற சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், அடர் ரகங்களில் அந்தச் சிவப்பு இன்னும் புளிப்புதான். கறுப்புக்குப் பக்கத்தில் போன கருஞ்சிவப்பாக, விரலால் தொட்டால் விறைப்பாக, தோல் பளபளவென்று இருக்க வேண்டும். மஞ்சளில் இளஞ்சிவப்பு படர்ந்த ரெய்னியர் போன்ற ரகம் கிடைத்தால் அதற்கு இந்தக் கணக்கு செல்லாது, அது அப்படியேதான் இனிக்கும். வெயில் படும் பக்கமும் மேல் கிளையும் இனிப்பு அதிகம், அண்ணாந்து பார்க்க உயரமான மாமா ஒருவர் கூட இருப்பது நல்லது.

பறிக்கிற விதம் முக்கியம், பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துக் காட்டுங்கள். பழத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது. காம்பைப் பிடியுங்கள், அதுவும் கிளையோடு சேரும் மேல் நுனியில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக. மெதுவாக மேல்நோக்கித் தூக்கி ஒரு திருகு. டப்பென்று காம்போடு வந்துவிடும். காம்பு சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சின்ன முண்டு மாதிரி ஒன்று, அதில் அரிசி மணி போல மொட்டுகள் கொத்தாக இருக்கும். அடுத்த வருடத்துப் பூவும் காயும் அங்கிருந்துதான் வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அந்த முண்டும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும், பிறகு அந்த இடத்தில் ஒன்றும் காய்க்காது. காம்பு பிய்ந்த பழம் சீக்கிரம் கெட்டும் போகும், அதை வாளியில் போடாமல் வாயில் போடுங்கள்.

இரட்டையாக ஒட்டிக்கொண்ட பழங்கள் சில கண்ணில் படும். போன வருடக் கோடையில், மொட்டு உருவாகும் சமயத்தில், வெயில் கடுமையாக இருந்தால் இப்படி வரும். யார் அதிக இரட்டைப் பழம் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி வைத்தால் பெரியவர்களுக்கு அரை மணி நேரம் நிம்மதி. மழை பெய்த பிறகு போனால் வெடித்த பழம் நிறைய இருக்கும், பழுத்த தோல் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கீறிவிடும். அந்த இடத்திலேயே சாப்பிடக் குறையில்லை, வீட்டுக்கு வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பாட்டி முதல் பழத்தைக் கடித்துவிட்டு "இதுவா செர்ரி?" என்று கேட்கலாம். அவர் அறிந்த செர்ரி அந்த ஊர் பேக்கரியில் பன் மேல் வைக்கும் சிவப்பு உருண்டை, அது பெரும்பாலும் சாயம் போட்டுப் பாகில் ஊறவைத்த களாக்காய். பாட்டியின் கேள்வி நியாயம்தான்.

கொட்டை விஷயத்தில் சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு எங்கும் நகராதீர்கள், தொண்டையில் சிக்கும். நாலு வயதுக்குக் கீழே என்றால் நீங்களே பிய்த்துக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். தெரியாமல் முழுக் கொட்டை ஒன்றை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து நொறுக்கித் தின்பதுதான் கூடாது. அப்புறம் பெரியவர்களுக்கு ஒரு சங்கதி: செர்ரியில் சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். கொடுத்த காசுக்கு ஈடாகச் சாப்பிட்டே தீருவது என்று இறங்குபவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. திரும்பும் வழியில் கழிப்பறை எங்கெங்கே என்று அவருக்காகப் பார்த்து வையுங்கள். வெறும் வயிற்றில் போகாமல் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டி எடுத்துப் போவது புத்திசாலித்தனம், ஆனால் எங்கே உட்கார்ந்து சாப்பிட விடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மரங்களுக்கு நடுவே பொட்டலம் பிரிப்பது பல இடங்களில் கூடாது.

எவ்வளவு எடுப்பது? குடும்பத்துக்கு இரண்டு கிலோ தாராளம். கழுவாமல், காம்போடு, டிஷ்யூ விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும், சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். மெல்பர்னிலிருந்து அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட் என்று போகும் திட்டமிருந்தால் பழத்தை விமானம் ஏறும் முன்பே தின்று தீருங்கள், அந்த மாநிலங்களுக்குள் வெளிப் பழம் கொண்டுபோகக் கூடாது, அபராதம் போடுவார்கள், ஹோபார்ட்டில் மோப்ப நாயே வரும். சிங்கப்பூருக்குக் கொண்டு வருவதென்றால் கிளம்பும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் பக்கத்தில் அப்போதைய விதியைப் பாருங்கள், கொண்டு வந்தாலும் கைப்பெட்டியில் ஒரு டப்பா போதும், பெரிய பெட்டியில் அடைத்தால் சாங்கியில் திறக்கும்போது ஜாம்தான்.

ஜூன் லீவில்தான் போக முடியும் என்பவர்கள் ஜப்பானைப் பாருங்கள். யமகதா மாநிலம்தான் அங்கே செர்ரிக்குப் பேர்போனது, ஜூன் மாதம் நல்ல சீசன், ரயில் நிலையம் ஒன்றுக்கே சகுரான்போ ஹிகாஷினே என்று செர்ரியைச் சேர்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள், தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். சாத்தோ நிஷிகி என்ற ரகம் அந்த ஹிகாஷினேயில் உருவானதுதான், மஞ்சள் கலந்த சிவப்பு, மெல்லிய தோல், பெட்டியில் வாங்கினால் விலை மலைக்க வைக்கும். அங்கே முறை வேறு. முப்பது நிமிடமோ அறுபது நிமிடமோ நேரம் தருவார்கள், அதற்குள் சாப்பிடுவதுதான், வெளியே எடுத்துப் போகத் தனிக் காசு. மரங்களுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பதால் மழை பெய்தாலும் பிரச்சினையில்லை.

ஆசைப்பட்டுப் பறித்துவிட்டு, புளிக்கிறது என்று யாரும் தொடாத பழம் கடைசியில் அரைக் கிலோவாவது மிஞ்சும். தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் தொக்கு கிண்டுங்கள். பழத்தை ஒரு பாட்டில் வாய் மேல் வைத்து சாப்ஸ்டிக்கால் ஒரு குத்து, கொட்டை பாட்டிலுக்குள் விழும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், உப்பு, பழத்தைப் போட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்கி, கடைசியில் ஒரு கட்டி வெல்லம். தண்ணீர் நிறைய விடும், அடுப்பைக் கூட்டி வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். தயிர் சாதத்துக்கு நன்றாக இருக்கும்.