ஹைட்ராக்சில் எந்தக் கார்பனில்? பீனாலிலும் ஆல்கஹாலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில், ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு மாடி அறையில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கரிம வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு என்னிடம் தமிழில் சந்தேகம் கேட்கிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும் அவர்களுடைய மதிப்பெண் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போகிறது: ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) கண்ணில் பட்டவுடன் விடை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள், அது எந்தக் கார்பனில் அமர்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அண்மையில் திருத்திய தாள் ஒன்றில், மாணவி ஒருத்தி பென்சீன் வளையத்தை அழகாக வரைந்து, அதன் முனையிலிருந்து ஒரு கோடு இழுத்து, அங்கே ஒரு மெத்திலீன் (CH₂) தொகுதியையும் அதன் நுனியில் ஹைட்ராக்சிலையும் சேர்த்திருந்தாள். படம் சரி. கீழே 'பீனால், நடுநிலை ஃபெர்ரிக் குளோரைடுடன் ஊதா நிறம் தரும்' என்று எழுதியதுதான் தவறு. அவள் வரைந்தது பென்சைல் ஆல்கஹால். பீனால் என்றால் ஹைட்ராக்சில் வளையக் கார்பனிலேயே நேராக அமர்ந்திருக்க வேண்டும். இங்கே வளையம் பக்கத்திலேயே இருந்தாலும் ஹைட்ராக்சில் வளையத்தின் மேல் இல்லை; ஆகவே அது ஓரிணைய ஆல்கஹால் (ஹைட்ராக்சில் உள்ள கார்பனோடு வேறு ஒரே ஒரு கார்பன் மட்டும் இணைந்தது), ஊதா நிறம் வராது.

அடுத்த தவறு அமிலத்தன்மையைப் பற்றியது. பீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 'அமிலம் என்று பெயரிலேயே இருக்கிறதே, ஆப்பச் சோடாவில் (சோடியம் பைகார்பனேட்டில்) போட்டால் நுரைக்கத்தானே வேண்டும்?' என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்கிறார். நுரைக்காது. பீனாலின் பிகேஏ மதிப்பு (குறையக் குறைய அமிலம் வலியது என்று காட்டும் எண்) ஏறத்தாழ 10. பைகார்பனேட்டிலிருந்து நுரையாக வெளியேற வேண்டிய கார்பானிக் அமிலத்துக்கு 6.4. வலிமை குறைந்த அமிலம், தன்னைவிட வலிய அமிலத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்ற முடியாது. சோடியம் ஹைட்ராக்சைடில் பீனால் கரையும். சோடியம் பைகார்பனேட்டில் கார்பன் டைஆக்சைடு வராது. எத்தனாலின் மதிப்பு ஏறத்தாழ 16 என்பதால், அதைவிடப் பீனால் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வலிய அமிலம். புரோட்டான் போனபின் எஞ்சும் எதிர்மின்சுமை, பீனாலிலிருந்து வரும் பினாக்சைடு அயனியில் வளையத்தின் ஆர்த்தோ (அடுத்த), பாரா (நேரெதிர்) இடங்களுக்குப் பரவித் தணிகிறது. எத்தனாலிலிருந்து வரும் எத்தாக்சைடில் அது ஆக்சிஜன் மேலேயே தங்கிவிடுகிறது. வளையத்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் ஏறிய பிக்ரிக் அமிலம் பைகார்பனேட்டுடன் நன்றாகவே நுரைக்கும் என்பதால், 'பீனால்கள் எல்லாம் நுரைக்காது' என்று பொதுப்படையாக எழுதுவதும் ஆபத்து.

ஆல்கஹால்களின் வகையைப் பிரித்தறியும் லூகாஸ் சோதனையில் நடக்கும் குழப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மனப்பாடம் அங்கே பச்சையாகக் காட்டிக்கொடுக்கும். நீரற்ற துத்தநாகக் குளோரைடும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில், மூவிணைய ஆல்கஹால் (ஹைட்ராக்சில் உள்ள கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்தது) உடனே கலங்கும், ஈரிணையம் (இரண்டு கார்பன்கள்) சுமார் ஐந்து நிமிடத்தில் கலங்கும், ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது என்று எல்லோருக்கும் தெரியும். பென்சைல் ஆல்கஹாலைக் கொடுத்தால் 'ஓரிணையம், கலங்காது' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது விரைவில் கலங்கும். ஓரிணையம், ஈரிணையம் என்ற எண்ணிக்கை வெறும் அடையாளம். வினையைத் தீர்மானிப்பது, நீர் மூலக்கூறு விலகியதும் உருவாகும் கார்பன் நேரயனியின் நிலைத்தன்மை. பென்சைல் நேரயனியின் சுமையை வளையம் பகிர்ந்துகொள்கிறது. இன்னொன்று: கலங்கல் என்பது கரையாத ஆல்கைல் குளோரைடு பிரிவதால் வருவது. ஆக்டனால் போன்று கரைசலில் கரையாத ஆல்கஹாலை விட்டால் வினை நடக்காமலேயே குழாய் மங்கும். அதைப் பார்த்து 'மூவிணையம்' என்று முடிவு கட்டக் கூடாது.

பென்சீன் புரோமின் நீரை நிறமிழக்கச் செய்யும் என்பது மற்றொரு பழைய தவறு. வளையத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகளை வரைந்து பழகிய கை, அவை எத்திலீனில் உள்ளவை போன்றவை என்று நம்பிவிடுகிறது. சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேற்றம் செய்தால் மோலுக்கு ஏறத்தாழ 120 கிலோஜூல் வெளிப்படும். அந்தக் கணக்கில் பென்சீனுக்கு 360 வர வேண்டும், ஆனால் கிடைப்பது 208 மட்டுமே. குறையும் 150 கிலோஜூலைத் தொலைத்துவிட்டுக் கூட்டுவினைக்கு வர அந்த வளையத்துக்கு எந்த அவசரமும் இல்லை. பீனால் மட்டும் புரோமின் நீருடன் உடனே வெண்ணிற 2,4,6-டிரைபுரோமோபீனாலைத் தருகிறதே என்றால், அங்கே நடப்பது பதிலீடு, கூட்டுவினை அல்ல.

கடைசியாக அனிசோல், அதாவது பென்சீன் வளையமும் மெத்தில் தொகுதியும் ஓர் ஆக்சிஜன் வழியே இணைந்த ஈதர். ஹைட்ரோ அயோடிக் அமிலத்துடன் சூடாக்கினால் அயோடோபென்சீனும் மெத்தனாலும் வரும் என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். வளையக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு பகுதி இரட்டைத் தன்மை கொண்டது என்பதால் அது அறுபடுவதில்லை. அயோடைடு மெத்தில் பக்கம்தான் தாக்குகிறது. கிடைப்பவை பீனாலும் மெத்தில் அயோடைடும். அதே அமிலத்தை டைஎத்தில் ஈதரில் அதிகமாக விட்டுச் சூடாக்கினால், முதலில் உருவாகும் எத்தனாலும் எத்தில் அயோடைடாக மாறிவிடும். அனிசோலில் எவ்வளவு விட்டாலும் பீனால் பீனாலாகவே நிற்கும்.