கல்லீரல் அறுவைக்குக் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

கல்லீரல் அறுவை வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இரவு டியூட்டியில் 30 கட்டிலுக்கு நான் ஒருத்திதான். வளரும் நாடுகளில் பல மருத்துவமனைகளின் நிலை இதுதான். அதனால் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: கட்டியோடு வெட்டி எடுத்த பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும்? மிஞ்சுவது எந்த நிலையில் இருக்கிறது? ஆரோக்கியமான கல்லீரல் என்றால் 20, 25 சதவீதம் மிஞ்சினாலும் தாங்கிவிடும். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) பல சுற்று எடுத்தவருக்கு 30 வேண்டும், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) இருப்பவருக்கு 40. நம்மைப் போன்ற நாடுகளில் கட்டி பெரிதான பிறகுதான் பலர் வருகிறார்கள். அப்போது வெட்டும் அளவும் கூடும், ரத்தப்போக்கும் கூடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள். அதற்கு மாத்திரை எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கல்லீரல் நோய் என்றதும் வீட்டில் புரதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மெலிந்த உடம்பில் காயம் ஆறாது, கிருமி எளிதில் தொற்றும். 6 மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 3-க்குக் (கிராம்/டெசிலிட்டர்) கீழே இருந்தாலோ, ஒன்றிரண்டு வாரம் சத்தாகச் சாப்பிடவைத்து அப்புறம் அறுவை செய்வது நல்லது. டாக்டர் அதற்காகத் தேதியைத் தள்ளினால் சண்டை போடாதீர்கள். மதுவும் புகையும் குறைந்தது 4 வாரம் முன்பே நிற்க வேண்டும். ரத்தம் கொடுப்பவர்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அறுவை முடிந்ததும் கவனிக்க வேண்டியது டிரெய்ன், அதாவது வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே பைக்குக் கொண்டுவரும் டியூப். பையைவிட டியூபைப் பாருங்கள். பையில் காலையில் வந்ததும் மாலையில் வந்ததும் கலந்து கிடக்கும். டியூபில் ஓடுவதுதான் இப்போது வருவது. பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தால் நிறம் தெளிவாகத் தெரியும். முதல் நாள் நீர்த்த சிவப்பு, போகப்போக வெளிறிய மஞ்சள் என்றால் சரி. பச்சையாகவோ அடர்ந்த மஞ்சளாகவோ வந்தால் பித்தம் கசியலாம். 3-ம் நாளிலோ அதற்குப் பிறகோ அந்த நீரின் பிலிரூபின் (பித்தத்தில் உள்ள மஞ்சள் நிறப் பொருள்) ரத்தத்தில் உள்ளதைப் போல் 3 மடங்கு இருந்தால் பித்தக் கசிவு உறுதி. புது ரத்தம் பளிச்சென்று வந்தால் ஓடிவந்து கூப்பிடுங்கள். டியூபில் திடீரென ஒன்றும் வராமல் வயிறு உப்பினாலும் அப்படித்தான்.

ரத்தத்தில் பிலிரூபினும் ஐஎன்ஆரும் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) முதல் இரண்டு நாள் ஏறுவது வழக்கம். 5-ம் நாளிலும் இறங்காமல் இருந்தால் கல்லீரல் தடுமாறுகிறது. தினமும் எண்களைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

ஒரு அம்மா அந்த நோட்டிலேயே தினமும் கணவரைக் கையெழுத்துப் போடச் சொல்வார். 6-ம் நாள் இரவு நோட்டைக் கொண்டுவந்து, "சிஸ்டர், பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்து கோணுகிறதே" என்றார். பிரஷர், நாடி எல்லாம் சரியாக இருந்தன. கையை நீட்டச் சொன்னேன்; மணிக்கட்டு படபடவென்று அடித்தது. கல்லீரல் தடுமாறி மூளையைக் குழப்பும் அறிகுறி அது. ஐசியூவுக்கு உடனே மாற்றியதால் பிழைத்தார். பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும் சொல்லுங்கள். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மூச்சுப் பயிற்சியும் நடையும் சொன்ன நாளிலேயே தொடங்கட்டும். வீடு தூரமென்றால் டிரெய்ன் எடுக்கும்வரை பக்கத்திலேயே தங்கப் பாருங்கள். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் குறைவு, இதில் எது வந்தாலும் மறுநாள்வரை பார்க்காமல் உடனே வந்துவிடுங்கள்.