ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி: விரல் முதலில், ஸ்பேனர் பிறகு

சிக்னலில் நிற்கும்போது கார் உதறுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. மேடு ஏறும்போது இழுவை இல்லை. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் வீட்டு வாசலிலேயே, ஒரு மணி நேரத்தில், சில நூறு ரூபாயில் சரிபார்த்துவிடக்கூடியது இதுதான். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை கிடையாது. அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசி பெட்ரோல் கார். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் தனித்தனிக் காயில். இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் காயில் அமைப்பு இப்படித்தான். சிலிண்டருக்கு ஒரு பிளக் என்பது பொது வழக்கம் என்றாலும் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ மாடலில் நான்கு சிலிண்டருக்கு எட்டுப் பிளக் இருக்கும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. அந்தப் பொறி மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. பொறி தாண்டும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகல அகல, அதைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அந்தச் சுமை காயிலின் மீது விழும். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் என்றால் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் வரை தாங்கும். சிஎன்ஜியில் ஓடும் கார்களில் இன்னும் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.

வாங்கும்போது

பெட்டியின் மேல் உள்ள எண்ணைக் கையேட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு என்ஜிகே நிறுவனத்தின் பிபிஆர்6இஎஸ்-11 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையையும், 6 பிளக் எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியேற்றும் என்று சொல்லும் வெப்ப எண்ணையும், கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளியையும் குறிக்கின்றன. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடினால் பிளக் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். பாஷ் பிளக்கில் இது தலைகீழ். ஆகவே கடைக்காரர் “அதே நம்பர்தான், கம்பெனிதான் வேறு” என்று வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகையாகப் போடுங்கள்.

கருவிகளில் முக்கியமானது பிளக் சாக்கெட். பெரும்பாலும் 16 மில்லிமீட்டர்; சில புதிய எஞ்சின்களுக்கு 14, பழையவற்றுக்கு 21. உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிளக் நழுவி விழாது. ராட்செட் கைப்பிடி, நீளமான எக்ஸ்டென்ஷன், காயில் போல்ட்டுக்கு 10 எண் சாக்கெட், டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், ஒரு சாண் நீள ரப்பர் குழாய். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது.

கழற்றுவது

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரை மறுநாள் காலையில் திறப்பதே எனக்குப் பிடித்த வழி. பிளக் திருகி நிற்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை உரிந்துவிடக்கூடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றி வையுங்கள்.

மேலே மூடி அல்லது ஏர் ஃபில்டர் பெட்டி மறைத்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு காயிலின் மின் இணைப்பி. அதன் பிளாஸ்டிக் கொக்கி வருடக்கணக்காக எஞ்சின் சூட்டில் வெந்து மொறமொறப்பாக இருக்கும். கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றே இடம் வலமாக அசைத்து நேராக மேலே தூக்குங்கள்.

இப்போது காயில் இருந்த குழிக்குள் பம்ப்பால் காற்றடியுங்கள். தூசியும் மணலும் குழியின் அடியில் பிளக்கைச் சுற்றிக் கிடக்கும். இதைச் செய்யாமல் பிளக்கை எடுத்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் போய்விடும்.

சாக்கெட்டை நேராக இறக்கி, இடப்பக்கம் திருப்புங்கள். முதலில் ஒரு ‘டக்’ ஓசையுடன் இளகும். பிறகு விரலாலேயே சுழன்று வர வேண்டும். நடுவில் இறுகினால் வம்பு செய்யாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் சிறிது விட்டு, நேரம் கொடுத்து, கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வாங்கிய பழைய காரில் இரண்டாவது பிளக் அப்படித்தான் நின்றது. யாரோ ஒரு பட்டறையில் கோணலாக ஏற்றி, ஸ்பேனரால் முறுக்கி வைத்திருந்தார்கள். பிளக்கோடு அலுமினிய மரையும் சுருள் சுருளாக வெளியே வந்தது. நூற்றைம்பது ரூபாய்ப் பிளக்குக்காக ஹெட்டைக் கழற்றி, மரைக்குள் புது எஃகுச் சுருள் வைக்க ஆயிரக்கணக்கில் செலவானது. அந்த நாளை நினைத்துக்கொண்டுதான் இனி வரும் பகுதியை எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன் கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது; ஏர் ஃபில்டரைப் பாருங்கள். முனையில் எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். முனை சுத்தமாக இருந்து, வெளிப்புறம் மட்டும் எண்ணெயில் குளித்திருந்தால் மேலே உள்ள குழி சீல் கசிகிறது. அது சின்னச் செலவு. வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் அளவுமீறிய சூடு, மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும்.

பொருத்துவது

புதுப் பிளக் கீழே விழுந்திருந்தால் போடாதீர்கள். இடைவெளி குறுகியிருக்கலாம், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் விழுந்திருக்கலாம். இரிடியம் பிளக்கின் மெல்லிய நடுமுனையை நெம்பி இடைவெளி சரிசெய்யக் கூடாது, ஒடிந்துவிடும்.

ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரையின் வாய்கள் சேரும் இடத்தில் பிளக் ஒரு நூலளவு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுழற்றுங்கள். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுழலுமே தவிர மரையை அறுக்காது. இரும்புக் கைப்பிடிக்கு அந்த இரக்கம் இல்லை. விரலாலேயே முழுக்க இறங்கி, பிளக்கின் வாஷர் (மரைக்கு மேலே உள்ள உலோக வளையம்) ஹெட்டைத் தொட்டு நிற்கும்வரை ராட்செட்டைத் தொடவே வேண்டாம்.

அதன் பிறகு இறுக்கம். 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக. வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும், அதோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிய பழைய பிளக்கையே மறுபடி போடுவதானால் பன்னிரண்டில் ஒரு சுற்றுப் போதும். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றுதான். மரையில் கிரீஸ் தடவச் சொல்வார்கள். வேண்டாம். வழுக்கல் கூடுவதால் அதே அளவுக்கு முறுக்கினாலும் தேவைக்கு மேல் இறுகிவிடும்.

காயிலை நேராக அழுத்தி உட்கார வைத்து, போல்ட்டை மாட்டி, இணைப்பியை ‘க்ளிக்’ ஓசை கேட்கும்வரை தள்ளுங்கள். காயில் இல்லாமல் தடித்த ஒயர்கள் உள்ள பழைய கார் என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒயரை மட்டும் கழற்றி மாட்டுங்கள். வரிசை மாறினால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் தொடர்ந்தால் பதற வேண்டாம், எஞ்சினை நிறுத்திவிட்டு இணைப்பிகளை ஒவ்வொன்றாக மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலும் ஒன்று பாதியில் நின்றிருக்கும். ஓட்டம் சீரானதும், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள்.