திருமண புளூ-ரே வட்டுக்குக் காப்புப் பிரதி: எந்தக் கோப்பு வடிவத்தைத் தேர்வது?

என் அக்காவின் திருமணம் 2013ஆம் ஆண்டு சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்தது. படம்பிடித்தவர்கள் அதை மூன்று மணி நேரப் படமாக்கி ஒரு புளூ-ரே வட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, கணினியில் இடம் மிச்சமாகட்டும் என்று அதை 2 ஜிகாபைட் எம்பி4 கோப்பாக மாற்றி வைத்தேன். சென்ற ஆண்டு வட்டு இயங்க மறுத்தபோதுதான் அந்தக் கோப்பை உற்றுப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் நாலாபக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. அந்த நொடியில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. கூறைப் புடவையின் சரிகை மஞ்சள் பூசியதுபோல் கிடக்கிறது. வட்டில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. ஒன்றில் திரைப்பாடல்கள், மற்றொன்றில் மண்டபத்தின் நேரடி ஒலி. மாற்றும்போது முதல் தடம் மட்டுமே தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ‘கெட்டி மேளம்’ என்று குரல் கொடுத்த பெரியப்பா அந்தக் கோப்பில் வாயை மட்டும் அசைக்கிறார்.

இந்த விளக்கம் அத்தகைய சொந்த வட்டுகளுக்கானது. கடையில் வாங்கும் திரைப்பட வட்டுகளில் பூட்டு இருக்கும்; அத்தகைய பூட்டை உடைப்பதைச் சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம், 2021 பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எம்கேவி, எம்பி4 ஆகியவை டப்பாக்களைப் போன்றவை. உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது வேறு விஷயம். புளூ-ரேயில் அது எம்பெக்-2, விசி-1, எச்.264 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். டப்பாவை மட்டும் மாற்றினால் படம் ஒரு துளியும் கெடாது. மறுபடி சுருக்கினால் கெடும். அடுத்தடுத்த சட்டகங்களுக்கு இடையே மாறும் பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்வதே சுருக்கத்தின் அடிப்படை. ஆயிரம் அரிசிமணிகள் ஆயிரம் திசையில் பறக்கும்போது மாறாத பகுதி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. வட்டில் ஏறத்தாழ 22 ஜிகாபைட் இருந்தது, அதாவது நொடிக்குச் சுமார் 16 மெகாபிட். நான் அதை 1.5 மெகாபிட்டுக்கு இறக்கியிருந்தேன்.

படி 1: வட்டை அப்படியே நகலெடுங்கள். வெளியில் இணைக்கும் புளூ-ரே டிரைவ் ஒன்று தேவைப்படும். வட்டைத் திறந்தால் பிடிஎம்வி என்ற கோப்புறை தெரியும். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை முழுமையாக வன்தட்டுக்கு இழுத்துப் போடுங்கள். 25 ஜிகாபைட் வட்டின் கொள்ளளவை விண்டோஸ் 23.3 என்றுதான் காட்டும். எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு அது, எதுவும் காணாமல் போகவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் கிடந்த வட்டு அடுத்த முறையும் ஒத்துழைக்கும் என்று நம்பாதீர்கள். மற்ற வேலைகளை எல்லாம் வன்தட்டில் உள்ள நகலிலேயே செய்யுங்கள்.

படி 2: பட்டியல் திரை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வட்டைப் போட்டதும் மணமக்கள் படத்துடன் வரும் அந்தத் திரை உங்களுக்கு முக்கியம் என்றால், இம்க்பர்ன் போன்ற இலவசச் செயலியால் வட்டையே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைக்கலாம். ஆனால் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஐஎஸ்ஓவைத் திறக்காது. எங்கள் வீட்டில் அந்தத் திரையை யாரும் தேடவில்லை.

படி 3: எம்கேவியாக மாற்றுங்கள். காப்புப் பிரதிக்கு என் தேர்வு இதுதான். பல ஒலித்தடங்கள், அத்தியாயக் குறிகள், படவடிவில் இருக்கும் புளூ-ரே துணைத்தலைப்புகள் எல்லாம் இதில் அடங்கும். எம்பி4 அந்தத் துணைத்தலைப்புகளை ஏற்காது. 2002இல் தொடங்கிய இந்த வடிவத்தின் விவரக்குறிப்பு யாரும் பார்க்கக்கூடியது என்பதால், எந்த ஒரு நிறுவனத்தையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

எம்கேவிடூல்னிக்ஸ் என்ற இலவசச் செயலியைத் திறங்கள். பிடிஎம்விக்குள் ஸ்ட்ரீம் கோப்புறையில் உள்ள எம்2டிஎஸ் என்ற படக் கோப்புகளை நேரடியாகப் போடாதீர்கள். ஒரே படம் அங்கே பல துண்டுகளாக இருக்கக்கூடும். அதற்குப் பதிலாக, பிளேலிஸ்ட் கோப்புறையில் உள்ள, துண்டுகளின் வரிசையைச் சொல்லும் எம்பிஎல்எஸ் கோப்பு ஒன்றைச் சேருங்கள். இத்தகைய மற்ற கோப்புகளையும் தேடி, ஒவ்வொன்றின் கால அளவையும் செயலி காட்டும்போது, மிக நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். துண்டுகள் வரிசையாக இணைந்துவிடும். பிறகு கீழே உள்ள தடங்களின் பட்டியலில் எல்லா ஒலித்தடங்களுக்கும் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் இடறியது இந்த இடத்தில்தான்.

படி 4: பார்ப்பதற்கு மட்டும் எம்பி4. கைப்பேசியில் அனுப்பவும் பழைய தொலைக்காட்சியில் போடவும் எம்பி4 வசதியானது. படத்தை மறுபடி சுருக்கும் ஹேண்ட்பிரேக் செயலியில் எச்.264, தர அளவு 18 முதல் 20 வரை என்று வைத்தால் போதும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். மூலமாக எம்கேவி கோப்பையே கொடுங்கள். எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும் என்றாலும் பழைய சாதனங்கள் அதை இயக்காது.

படி 5: சேமித்துச் சரிபாருங்கள். வெளி வன்தட்டு ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், ஆனால் மாற்றும்போது அதில் உள்ளவை அழியும். கோப்பின் கால அளவு வட்டின் கால அளவுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்து, விஎல்சி என்ற படம் பார்க்கும் செயலியில் தாலி கட்டும் காட்சிக்குப் போய், இரண்டு ஒலித்தடங்களையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வன்தட்டுகளில் நகல் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இரண்டையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாதுகாப்பறையில் ஒரே பெட்டியில் அடுக்கினால் ஒரு நகல் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அக்காவின் வட்டைச் சித்தியின் வீட்டில் இருந்த இன்னொரு பிரதியிலிருந்து மீட்டு எம்கேவியாக மாற்றினேன். அந்த எம்கேவியில் இரண்டாவது தடத்தைத் தேர்ந்தெடுத்தால், பெரியப்பாவின் குரல் நாகஸ்வரத்துக்கு முன்பே கேட்கிறது.