களாச்செடியை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி? (நான் ஒரு வருஷம் கோட்டை விட்ட கதையோடு)

ஆட்டுக்கு வேலி வேண்டும், கம்பி வேலிக்குக் காசில்லை. அப்படித்தான் களா என் தோட்டத்துக்கு வந்தது. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசம், கையைக் கிழிக்கும் முள், போதாததற்கு ஊறுகாய்க்குக் காய்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். களா, கிளா, களாக்காய், கிளாக்காய் எல்லாம் ஒன்றுதான். ஆனால் புதர்க்காட்டில் பட்டாணி அளவில் கறுப்பாகப் பழுப்பது சிறுகளா, அது வேறு இனம். ஊறுகாய்க்குப் போடுகிற பெரிய காய் பெருங்களா. தெலுங்கில் வாக்காய, இந்தியில் கரோந்தா. கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செர்ரி' பல கடைகளில் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர மன்னனே இருந்தான். இந்தக் காயைக் கண்ணியாக, அதாவது தலைமாலையாக, சூடியவன்!

1. பழம். காய் வேண்டாம். கறுத்து, தொட்டால் அமுங்குகிற பழமாகப் பொறுக்குங்கள்.

2. விதை எடுப்பது. நான் சறுக்கியது இங்கேதான். கத்தரி, மிளகாய் விதை மாதிரி நினைத்து வெயிலில் காயப்போட்டு, சாம்பல் கலந்து பொட்டலம் கட்டி, மழை வரட்டும் என்று எடுத்து வைத்தேன். நாற்பது பையில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மண் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று எதையெதையோ திட்டிவிட்டுக் கடைசியில்தான் புரிந்தது: களா விதை பொறுக்காது. காய்ந்து கிடக்கக் கிடக்க உயிர் போய்விடும்.

அடுத்த வருஷம் பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, விதையைச் சாம்பலில் உரசி வழவழப்பு போகக் கழுவி, ஒரே ஒரு ராத்திரி நிழலில் வைத்து, மறுநாளே ஊன்றினேன். மூன்று வாரத்தில் பச்சை தெரிந்தது.

(காய்ப் பால் விரலில் ஒட்டினால் சோப்பு போட்டுத் தேய்த்து வீணாகாதீர்கள். நல்லெண்ணெய் தடவித் துடையுங்கள்.)

3. ஊன்றுவது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு. அரை அங்குல ஆழம் போதும். தென்னை நார்க்கழிவை எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. மழையில் ஈரம் தேங்குகிறது, களாவுக்கு அது ஆகாது. குழித்தட்டும் வேண்டாம், ஆணிவேர் சுருண்டுவிடும். நீளமான பாலித்தீன் பைதான் என் கட்சி.

4. நடுவது. அடுத்த வருஷ மழைக்கு நடுங்கள். வேலிக்கு இரண்டடிக்கு ஒரு செடி. முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டினால் போதும், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்கு மூன்றாம் வருஷம் காய் வந்தது. கவாத்துக்கு, அதாவது கிளை வெட்ட, தோல் கையுறை இல்லாமல் போகாதீர்கள். துணிக் கையுறையை முள் மதிக்காது.

பின்சேர்க்கை: 'வேலி அடர்த்தியா இருக்கு, பூவே இல்லையே அண்ணா' என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தை மாதம் கத்தரித்தாராம். பூ கிளை நுனியில்தான் கொத்தாக வரும், அதையே வெட்டினால் எங்கே பூக்கும்? காய் பறித்து முடித்த பிறகு வெட்டுங்கள்.

இன்னொன்று: 'பால் வருதே, விஷமா?' என்று ஒரு அக்கா. நியாயமான பயம். களாவும் அரளியும் ஒரே குடும்பம், அரளி கொல்லும். அரளிக்கு முள் கிடையாது. முள்ளையும் பழத்தையும் சேர்த்துப் பார்த்து, ஊரில் செடி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வாயில் போடுங்கள்.