பழைய அடுக்குமாடியின் கான்கிரீட்டை உடைக்காமல் சோதிப்பது எப்படி? கடலோரச் சென்னைக் கட்டடங்களுக்கு ஒரு வழிமுறை

கடலோரத்தில் 30 ஆண்டு நின்ற அடுக்குமாடியில் பழுது முதலில் தெரிவது பெரும்பாலும் கார் நிறுத்தும் தளத்தின் கூரையில்தான். பூச்சு உப்பி விழுந்திருக்கும், உள்ளே துருவேறிய கம்பி தெரியும். குடியிருப்போர் சங்கம் கூடி ஓர் ஆய்வகத்தை அழைக்கும். பத்து இடத்தில் ரீபவுண்ட் ஹாமர் (பரப்பில் மோதி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை எண்ணாகக் காட்டும் கருவி) அடித்துவிட்டு, "சராசரி வலிமை சதுர மி.மீ.க்கு 24 நியூட்டன், கட்டடம் நலம்" என்று ஒரு பக்க அறிக்கை வந்தால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. அந்த எண்ணுக்கும் கூரையில் தெரியும் துருவுக்கும் சம்பந்தமில்லை. ஹாமர் சொல்வது கான்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டி என்பதை. கட்டடத்தை அரிப்பதோ உள்ளே கம்பியில் நடக்கும் வேலை.

ஆகவே கருவியைத் தேடுமுன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். கான்கிரீட் போதிய வலிமையுடன் இருக்கிறதா? உள்ளே பொந்தோ பிளவோ இருக்கிறதா? கம்பி துருப்பிடிக்கிறதா, பிடித்தால் எந்தக் காரணத்தால்? மூன்றுக்கும் வெவ்வேறு சோதனைகள். கடலோரக் கட்டடத்தில் மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும்.

கண்ணும் சிறு சுத்தியலும்

முதல் நாள் எந்த மின்னணுக் கருவியும் வேண்டாம். தளத்துக்கு ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு தூணுக்கும் பீமுக்கும் எண் கொடுங்கள். 200 முதல் 250 கிராம் எடையுள்ள சுத்தியல், டார்ச், சாக்பீஸ், டேப், விரிசல் அகலம் பார்க்கும் அட்டை போதும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், பிரிந்து நிற்கும் இடம் பொத்தென்று ஒலிக்கும். சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் வளைத்து, பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடாமல் பார்க்க வேண்டியவை: கழிவறைக்கு அடியில் உள்ள ஸ்லாப், சன்ஷேடு, பால்கனி, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் பீம்கள், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை தூண்களின் அடிப்பகுதி. உப்பு நிலத்தடி நீர் உள்ள பகுதிகளில் ஈரம் அடியிலிருந்து மேலேறி, ஆவியாகும் இடத்தில் உப்பைச் சேர்த்து வைக்கும்.

விரிசல் தெரிந்தால் அது பூச்சிலா கான்கிரீட்டிலா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே 10 செ.மீ. அகலத்துக்குப் பூச்சை எடுத்துப் பாருங்கள். கம்பியின் போக்கிலேயே நேராக ஓடும் விரிசல் பெரும்பாலும் துருவின் வேலை. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கவர், அதாவது கம்பியை மூடியுள்ள கான்கிரீட், வெடிக்கிறது. பீமின் முனையில், தூணுக்கு அருகே சாய்வாக ஏறும் விரிசல் வேறு வகை: அது வெட்டுவிசை விரிசலாக இருக்கலாம், கட்டமைப்புப் பொறியாளர் உடனே பார்க்க வேண்டும். தூணில் நெடுக்கு விரிசலும் கம்பி வெளியே வளைந்திருப்பதும் சேர்ந்து தெரிந்தால் சோதனையை நிறுத்துங்கள். முதலில் முட்டுக்கொடுத்துச் சுமையைத் தாங்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

கம்பி எங்கே இருக்கிறது?

அடுத்து கவர் மீட்டர். மின்காந்தப் புலத்தைக் கொண்டு கம்பி இருக்கும் இடத்தையும் அதன் மேல் உள்ள கான்கிரீட்டின் தடிமனையும் காட்டும். மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் கம்பியின் இடம் தெரிந்தாக வேண்டும் என்பதால் இதை முன்னதாகவே முடித்துவிடுங்கள். பூச்சின் தடிமன் அளவில் சேர்ந்துவிடும், அதைக் கழிக்க மறக்காதீர்கள். கம்பிகள் நெருக்கமாகவோ ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தோ இருந்தால் கருவி கவரைக் குறைத்துக் காட்டும். ஒரே ஓர் இடத்திலாவது சிறு துளையிட்டுக் கம்பியைத் தொட்டு அளந்து ஒப்பிட்டால் அந்தப் பிழை வெளிப்பட்டுவிடும்.

1990-களின் கட்டடங்கள், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐஎஸ் 456-ன் 1978 பதிப்பைப் பின்பற்றியவை. ஸ்லாபுக்கு 15 மி.மீ., பீமுக்கு 25 மி.மீ. கவர் போதும் என்றது அது. 2000 பதிப்பு கடலோரச் சூழலில் திறந்த கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கேட்கிறது. இத்தனை கூரைகள் ஒரே விதமாகப் பழுதாவதற்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம்.

ரீபவுண்ட் ஹாமர்: எளியது, அதனாலேயே தவறுவது

சாதாரணக் கட்டடத்துக்கு 2.2 நியூட்டன் மீட்டர் அளவு மோதல் ஆற்றல் கொண்ட 'என்' வகை ஹாமர் பயன்படும். வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அளவுகோல் எஃகுக் கட்டையில் அடித்துப் பாருங்கள். அதற்குரிய எண், பொதுவாக 80-ஐ ஒட்டியது, வரவில்லை என்றால் அன்றைய அளவுகள் செல்லாது.

பூச்சை எடுத்த பிறகு கான்கிரீட் பரப்பைக் கார்போரண்டம் கல்லால் தேய்க்க வேண்டும். நம் ஊர்க் கட்டடங்களில் இங்கே ஒரு சிக்கல் உண்டு: பூச்சு பிடிப்பதற்காகக் கொத்தனார் தூண் முழுதும் கொத்திவிட்டிருப்பார். கொத்திய குழியிலோ அதன் விளிம்பிலோ அடித்தால் எண் சரிந்துவிடும். குழியில்லாத பகுதியைத் தேடிப் பிடித்துத் தேய்க்க வேண்டும்.

ஓரிடத்துக்கு 300 மி.மீ. சதுரம் வரைந்து, அதில் 9 அல்லது 10 புள்ளிகளில் அடியுங்கள். புள்ளிகளுக்கு இடையே 25 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி, விளிம்பிலிருந்தும் அதே அளவு. நேர் கீழே கம்பி இருக்கக் கூடாது, ஒரே புள்ளியில் இரண்டு முறை அடிக்கக் கூடாது. அமெரிக்க முறையில் சராசரியிலிருந்து 6-க்கு மேல் விலகும் எண்ணை நீக்கிவிடுவார்கள். 10-ல் இரண்டுக்கு மேல் அப்படி விலகினால் அந்தச் சதுரத்தையே விட்டுவிட வேண்டும். ஹாமரைக் கிடைமட்டமாகப் பிடித்தீர்களா, மேல்நோக்கியா என்பதையும் எழுதுங்கள். கூரையை நோக்கி அடிக்கும்போது திரும்பும் எடையைப் புவியீர்ப்பும் சேர்ந்து இழுப்பதால் எண் கூடுதலாக வரும், திருத்த வேண்டும்.

இனி முக்கியமானது. கான்கிரீட் வயதாகும்போது காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பைக் கார்பனேற்றம் செய்து கெட்டியாக்கும். பழைய கட்டடத்தில் இதனால் ஹாமர் காட்டும் வலிமை உள்ளதைவிட 50 சதவீதம் வரைகூட அதிகமாகத் தோன்றலாம். ஈரப் பரப்பில் இதற்கு நேர்மாறாகக் குறையும். எல்லாம் சரியாக இருந்தாலும் வலிமைக் கணிப்பில் 25 சதவீதம் மேலோ கீழோ பிழை உண்டு என்று இந்திய நெறிமுறையே சொல்கிறது. ஒரு தூணையும் மற்றொரு தூணையும் ஒப்பிட ஹாமரைப் பயன்படுத்துங்கள். அதைக் கொண்டு மட்டும் வலிமையை முடிவுசெய்யாதீர்கள்.

அல்ட்ராசானிக் வேகம்

ஒரு பக்கம் ஒலித்துடிப்பை அனுப்பி மறுபக்கம் வாங்கி, கடந்த நேரத்தை மைக்ரோ வினாடியில் அளப்பது இந்த முறை. ஒலியை அனுப்பவும் வாங்கவும் 54 கிலோ ஹெர்ட்ஸ் முனைகள் வழக்கமானவை. இதன் பலம், மேல்தோலைத் தாண்டி உள்ளே பார்ப்பது.

கருவியோடு வரும் அளவுத் தண்டில் பொறித்த நேரத்துக்குச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள், மணிக்கொரு முறை மறுபடி பாருங்கள். தூணின் இரு எதிர்ப் பக்கங்களிலும் ஒரே உயரத்தில் புள்ளிகள் வேண்டும். தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்துக் குறித்தால் பிசகாது. முனைகளில் கிரீஸ் தாராளமாகத் தடவி, அழுத்திப் பிடியுங்கள். எண் நிலைக்காமல் ஆடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இடையே காற்று இருக்கிறது. பரப்பை மறுபடி தேய்த்து, கிரீஸ் மாற்றி எடுங்கள். ஆடும் எண்களில் ஒன்றைத் தேர்ந்து எழுதுவது கூடாது.

தூரத்தை வரைபடத்திலிருந்து எடுக்காமல் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். 300 மி.மீ. தூணில் 75 மைக்ரோ வினாடி வந்தால் வேகம் வினாடிக்கு 4.0 கி.மீ. அதே தூணின் அடியில் 105 வந்தால் 2.86 கி.மீ. பழைய ஐஎஸ் 13311 அட்டவணைப்படி 4.5-க்கு மேல் மிக நன்று, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம், 3.0-க்குக் கீழ் ஐயத்துக்குரியது. 2018-ல் அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ் 516 பகுதி 5 பிரிவு 1 வரம்புகளை மாற்றியிருக்கிறது. எந்த அட்டவணைப்படி "நன்று" என்கிறார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

கம்பி இந்தச் சோதனையை ஏமாற்றும். எஃகில் ஒலி வினாடிக்கு 5 கி.மீ.க்கு மேல் போகும் என்பதால், ஒலிப்பாதைக்கு இணையாக அருகில் கம்பி இருந்தால் மோசமான கான்கிரீட்டும் நன்றாகத் தெரியும். குறுக்கே செல்லும் கம்பியால் பாதிப்பு குறைவு. நனைந்த கான்கிரீட்டிலும் வேகம் சற்றுக் கூடும். ஸ்லாபில் இரு பக்கமும் கிடைக்காமல் ஒரே பக்கத்தில் முனைகளை வைத்தால் வேகம் குறைவாகவே வரும். அதை நேர்ப்பாதை அட்டவணையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

விரிசலின் ஆழத்தையும் இதில் கணிக்கலாம். விரிசலின் இருபுறமும் 150 மி.மீ. தள்ளி முனைகளை வையுங்கள். விரிசல் இல்லாத இடத்தில் அதே 300 மி.மீ.க்கு 80 மைக்ரோ வினாடியும் விரிசலைத் தாண்டி 100-ம் வந்தால் விகிதம் 1.25. அதன் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 150-ஆல் பெருக்கினால் ஆழம் ஏறத்தாழ 112 மி.மீ. விரிசலில் தண்ணீரோ தூசியோ அடைந்திருந்தாலும், கம்பி குறுக்கே சென்றாலும் ஒலி குறுக்குவழியில் போய்விடும், ஆழம் குறைவாகத் தெரியும்.

துருவைத் தேடுவது

கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டின் காரத்தன்மைதான் அதற்குக் காப்பு. அந்தக் காப்பு இரண்டு வழியில் போகும்: கார்பனேற்றம் கம்பி வரை வந்து சேர்வது, அல்லது குளோரைடு உப்பு வந்து சேர்வது.

கார்பனேற்றத்துக்கு 1 சதவீத ஃபினால்ஃப்தலீன் கரைசல் போதும். கான்கிரீட்டை அப்போதே உடைத்த முகத்தில் தூசியை ஊதிவிட்டுத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. துளையிட்ட குழியில் தெளித்தால் உள்ளிருந்து வரும் பொடி ஓரங்களில் ஒட்டிப் பொய் காட்டும். கார்பனேற்ற ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. 20 ஆண்டில் 20 மி.மீ. போயிருந்தால் 30 மி.மீ.யில் உள்ள கம்பியைத் தொட மொத்தம் 45 ஆண்டு ஆகும், அதாவது இன்னும் 25. ஆனால் கவர் 15 மி.மீ.யாக இருக்கும் இடத்தை அது ஏற்கெனவே கடந்துவிட்டது. சராசரி கவரை வைத்துக் கணக்குப் போட்டால் இது மறைந்துபோகும்.

குளோரைடுக்குத் துளைப்பொடி எடுங்கள். 0–10, 10–20, 20–30, 30–40 மி.மீ. என்று ஆழவாரியாகத் தனித்தனிப் பையில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று துளைகளின் பொடியைச் சேர்த்து, ஒவ்வோர் ஆழத்துக்கும் துளைமுனையைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். கம்பி போட்ட புதிய கான்கிரீட்டில் ஐஎஸ் 456 அனுமதிக்கும் குளோரைடு உச்சம் கன மீட்டருக்கு 0.6 கிலோ. அதைவிட நமக்கு வேண்டிய சேதி, உப்பு ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்பது. மேலே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால் உப்பு வெளியிலிருந்து வந்தது; கெட்டதை எடுத்துவிட்டு மேற்பரப்பைக் காக்கலாம். எல்லா ஆழத்திலும் ஏறத்தாழ ஒரே அளவென்றால் உப்புத் தண்ணீரிலோ உப்பு மணலிலோ கலவை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஒட்டுப்போடும் பழுதுபார்ப்பு நிலைக்காது. ஒட்டுக்குப் பக்கத்திலேயே துரு மறுபடி கிளம்பும்.

கம்பி இப்போது துருவேறிக்கொண்டிருக்கிறதா என்பதை அரைமின்கல மின்னழுத்தம் சொல்லும். ஒரு கம்பியைத் திறந்து, பளபளக்கத் தேய்த்து, வோல்ட்மீட்டரின் நேர்முனையை அதில் இணையுங்கள். தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையை எதிர்முனையில். தொலைவில் இன்னொரு கம்பியையும் திறந்து, இரண்டுக்கும் மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. பெயிண்ட், பூச்சு எல்லாம் நீக்கி, சில சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரால் நனைத்து, ஐந்து நிமிடத்தில் எண் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகராத நிலை வந்த பிறகு அரை மீட்டர் கட்டங்களில் அளவெடுங்கள். மின்முனைக்குள் உள்ள கரைசலின் அடியில் கரையாத படிகம் தெரிய வேண்டும். கூரையின் அடியில் அளக்கும்போது மின்முனையைத் தலைகீழாகப் பிடிப்பதால் கரைசல் நுண்துளை அடைப்பை விட்டு விலகிவிடும், கவனம்.

−200 மில்லிவோல்ட்டைவிட நேர்ப்பக்கம் இருந்தால் 90 சதவீத வாய்ப்பில் அரிப்பு இல்லை, −350-ஐவிட எதிர்ப்பக்கம் போனால் 90 சதவீத வாய்ப்பில் அரிப்பு உண்டு, நடுவில் உள்ளது நிச்சயமற்றது என்பது அமெரிக்கத் தரம். எப்போதும் நீரில் நனைந்த தொட்டிச் சுவரில் ஆக்சிஜன் குறைவதால் அரிப்பில்லாமலே எண் மிகக் கீழே போகலாம். ஆகவே தனி எண்ணைவிட, குறுகிய தூரத்தில் எங்கே சரிகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். எபாக்சி பூசிய கம்பிக்கு இந்தச் சோதனை பயன்படாது.

கோர் எடுப்பது எப்போது?

வலிமையை எண்ணாகச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கோர், அதாவது துளைத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் கான்கிரீட் உருளை, எடுக்காமல் முடியாது. அல்ட்ராசானிக் வேகம் மிகக் குறைந்த, நடுத்தரமான, அதிகமான இடங்களில், ஹாமரும் அடித்த அதே புள்ளிகளில் எடுங்கள். அப்போதுதான் மற்ற அளவுகளை அந்த எண்ணோடு பொருத்தலாம். விட்டம் ஜல்லி அளவின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. போதும். 230 மி.மீ. தூணில் 100 மி.மீ. துளை போடுவது ஆபத்து. நீளம் விட்டத்தின் இரு மடங்கு இருக்கட்டும், கம்பியை வெட்டாதீர்கள், துளையைச் சுருங்காத கிரவுட்டால் (நிரப்புக் கலவை) அன்றே நிரப்புங்கள். குறைந்தது 3 கோர். ஐஎஸ் 456-ன்படி சராசரி தேவைப்படும் கன சதுர வலிமையின் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் வலிமை வேண்டிய எம்20 கான்கிரீட் என்றால் 17-ம் 15-ம்.

தொடர்ந்து கண்காணிப்பது

விரிசல் வளர்கிறதா என்று ஒரு நாள் சோதனையால் சொல்ல முடியாது. விரிசலின் இருபுறமும் சிறு ஸ்டெயின்லெஸ் குமிழ்களை எபாக்சியால் ஒட்டி, அவற்றின் இடைத்தூரத்தை முதல் மாதம் வாரம் ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் ஓராண்டு அளவெடுங்கள். கண்ணாடித் துண்டு ஒட்டினால் விரிசல் நகர்ந்தது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. எப்போதும் சூரியன் ஏறுமுன் அதே நேரத்தில், வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். 10 மீட்டர் நீள மொட்டை மாடி ஸ்லாப் 20 டிகிரி மாற்றத்துக்கு 2 மி.மீ. நீளும். வெயிலோடு திறந்து குளிரோடு மூடும் விரிசலுக்கு வேண்டியது வெப்பக்காப்பு. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவதற்கு அடித்தளத்தையோ துருவையோ பார்க்க வேண்டும்.

அரைமின்கல அளவையும் ஆண்டுக்கொரு முறை அதே கட்டங்களில் எடுக்கலாம்; புள்ளிகளை அழியாத பெயிண்டால் குறித்து வையுங்கள். மாதம் மாறக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் இறுதியில் எடுத்ததை ஏப்ரலில் எடுத்ததோடு ஒப்பிட்டால் தெரிவது ஈரத்தின் வித்தியாசம்தான்.